ஹிங்கன்காட்டிலிருந்து பரங்கிமலை வரை: ஒரு பயணத்துக்கான ஆயத்தம்

நாக்பூரிலிருந்து சென்னைக்கு ரயில் ஏறுகிறவர்கள் சேவாகிராமைத் தாண்டியதும் ஹிங்கன்காட் என்னும் ஊரைக் கடந்தாக வேண்டும். ஜி.டி. எக்ஸ்பிரஸாக இருந்தாலும் சரி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸாக இருந்தாலும் சரி, பாதை அதுதான். நம் சங்கத்து அன்பர்களில் இந்த ஊரைத் தாண்டாதவர் ஒருவரும் இருக்க முடியாது. ஆனால் அந்த நேரத்தில் நாம் கட்டுச்சாதத்தைப் பிரித்துக்கொண்டிருப்போம். ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை.

நூல் வியாபாரத்துக்காக முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊரில் இறங்கி ஏறியவன் நான். பஞ்சு மண்டி தெரியும், ஜின்னிங் மில்கள் தெரியும், எந்தக் கடையில் வெயிலுக்கு நல்ல மோர் கிடைக்கும் என்பதும் தெரியும். ஆனால் சென்னைப் பரங்கிமலை அடிவாரத்தில் தொடங்கி இந்தியாவை அளந்துகொண்டே வந்த ஒரு மனிதர் 1823 ஜனவரி 20 அன்று இதே ஊரில்தான் உயிர் நீத்தார், அவர் கல்லறையும் இங்கேதான் இருக்கிறது என்பது நெடுநாள் தெரியாது. ஜான் கே எழுதி 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி கிரேட் ஆர்க்' என்ற நூலைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்த பிறகே தெரிந்தது. அதன்பின் பில்லிமோர் தொகுத்த நில அளவைத் துறையின் வரலாற்றுத் தொகுதிகளைத் தேடிப்பிடித்து, கல்லூரி வாசல் மிதிக்காத என் ஆங்கில அறிவுக்கு எட்டிய மட்டும், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன்.

அந்த மனிதர் வில்லியம் லாம்டன். அவர் அளந்து வந்த வழியில் ஒரு முறை போய்வர வேண்டும் என்ற ஆசை இப்போது திட்டமாகிவிட்டது. இக்கட்டுரை பயணக் கட்டுரை அன்று. பயணம் இன்னும் தொடங்கவில்லை. ஆயத்தம் செய்யும்போதே அறிந்துகொண்டவற்றை நம் மலர் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே நோக்கம்.

சங்கிலியும் முக்கோணமும்

லாம்டன் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர்க்காரர். 33-ஆம் படைப்பிரிவில் அதிகாரியாக வந்து, 1799-ல் திப்பு சுல்தானுக்கு எதிரான ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் பங்கெடுத்தவர். போர் முடிந்ததும் கிழக்குக் கடற்கரைக்கும் மேற்குக் கடற்கரைக்கும் இடையே நிலத்தைக் கணித முறைப்படி அளக்க வேண்டும் என்று ஒரு திட்டம் கொடுத்தார். பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லியின் ஆதரவு இருந்ததால் சென்னை அரசு ஒப்புக்கொண்டது.

அளக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரையில் ஒரே ஒரு கோட்டை மிகத் துல்லியமாக அளக்க வேண்டும். இதை அடிக்கோடு என்று வைத்துக்கொள்வோம். அதன் இரு முனைகளிலும் நின்று தொலைவில் உள்ள ஒரு குன்றின் உச்சியைக் குறிபார்த்துக் கோணம் எடுத்தால், மூன்றாவது புள்ளி எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம் என்பது கணக்கில் வந்துவிடும். சங்கிலி பிடித்துக்கொண்டு அங்கே போக வேண்டியதில்லை. அந்த முக்கோணத்தின் ஒரு பக்கத்தை அடுத்த முக்கோணத்தின் அடிக்கோடாகக் கொள்ளலாம். இப்படி முக்கோணத்தோடு முக்கோணம் கோத்துக்கொண்டே போனால் ஒரு நாட்டையே அளந்துவிடலாம். ஆனால் முதல் கோட்டில் ஒரு விரற்கடை பிழை நேர்ந்தால் அது போகப்போகப் பெருகும். எங்கள் வியாபாரத்தில் முதல் கஜம் தப்பினால் முழுச் சிப்பமும் தப்பு என்பார்கள். அதே கதைதான்.

அந்த முதல் கோடு பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே 1802 ஏப்ரல் 10-ல் தொடங்கி மே 22-ல் அளந்து முடிக்கப்பட்டது. ஏழரை மைல் நீளம். நூறு அடிச் சங்கிலியை நானூறு முறை நீட்டிப் போட வேண்டும். சித்திரை வெயிலில் எஃகு நீளும் அல்லவா? அதனால் சங்கிலியை மரத்தொட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு நிழல் கொடுத்து, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பம் குறித்துக்கொண்டார்கள். அந்தச் சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. சீனப் பேரரசருக்குப் பரிசாக மக்கார்ட்னி தூதுக்குழு கொண்டுபோன பொருள்களில் அது ஒன்று. அங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் கல்கத்தாவுக்கு வந்து, பிறகு லாம்டன் கைக்கு வந்தது.

கோணம் அளக்கும் கருவிக்குத் தியோடலைட் என்று பெயர். லண்டன் கேரி செய்த 36 அங்குலக் கருவி. எடை அரை டன். அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்து இது அறிவியல் கருவி என்று தெரிந்ததும், போர்க்காலமாக இருந்தும், மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். பகைவர் பொருளென்று உடைத்துப் போடாத அந்தப் பெருந்தன்மையைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

எந்த வழி?

பயணத்துக்கு ஆயத்தம் செய்பவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'எந்த வழி' என்பது. லாம்டன் நேர்கோட்டில் நடக்கவில்லை. முதலில் பரங்கிமலையிலிருந்து தெற்கே கருங்குழி வழியாகக் கடலூர் அருகே திருவந்திபுரம் வரை இறங்கினார். பிறகு மேற்கே திரும்பிப் பெங்களூருக்குப் போய், 1804-ல் அங்கே இன்னொரு அடிக்கோட்டை அளந்தார். சென்னையிலிருந்து முக்கோணக் கணக்கில் வந்த நீளத்துக்கும் அங்கே சங்கிலி போட்டு அளந்த நீளத்துக்கும் இருந்த வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு. அங்கிருந்து மங்களூர்க் கடற்கரை வரை போனபோது, சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே நானூறு மைல் இருக்கும் என்று அதுவரை நம்பியது தப்பு, முந்நூற்று அறுபதுதான் என்று தெரிந்தது. ஒரே கணக்கில் தென்னாட்டின் அகலம் நாற்பது மைல் சுருங்கிப்போயிற்று!

இதற்குப் பிறகுதான் 78-ஆவது தீர்க்கரேகையை ஒட்டித் தெற்கு வடக்காக ஓடும் பெரிய வில் தொடங்கியது. இதில் லாம்டன் நட்சத்திரங்களைப் பார்த்து அட்சரேகை கணித்த நிலையங்கள் ஐந்து: கன்னியாகுமரி அருகே புன்னை, கோயம்புத்தூர்ப் பக்கம் பச்சாபாளையம், பெங்களூரில் தொட்டகுண்டா, குத்திப் பகுதியில் நாம்தாபாத், பீதர் அருகே தாமர்கிட்டா. முதலாவது 8 பாகை 9 கலையில் இருக்கிறது. கடைசியானது 18 பாகை 3 கலையில். அதாவது ஏறக்குறைய பத்துப் பாகை. இடையிடையே கோயம்புத்தூர் (1806), பாளையங்கோட்டை (1809), குத்தி (1811), பீதர் (1815) ஆகிய இடங்களில் அடிக்கோடுகளை அளந்து கணக்கைச் சரிபார்த்துக்கொண்டார்.

இந்தப் பெயர்களை அடையாளம் காண்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி எழுதியவை. 'கரங்கூலி' என்றால் கருங்குழி, 'திரிவந்திபோரம்' என்றால் திருவந்திபுரம். நமக்குத் தெரிந்த ஊராக இருப்பதால் புரிகிறது. தெலுங்கு, கன்னட நாட்டுப் பெயர்களுக்கு அந்தந்த ஊர் லாரி டிரைவர்களைத்தான் கேட்டேன். அவர்களைவிட நல்ல அகராதி இல்லை.

லாரி என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நாக்பூர், ஹிங்கன்காட், ஆதிலாபாத், ஹைதராபாத், கர்னூல், குத்தி, அனந்தப்பூர், பெங்களூர், சேலம், மதுரை என்று இதே தீர்க்கரேகையை ஒட்டியே இறங்குகிறது. வரைபடத்தில் ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால் தெரியும். நம் சரக்கு லாரிகள் ஆண்டு முழுவதும் லாம்டனின் வில்லின் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நம் ஊர் 'ஜீரோ மைல்' கல்லையும் இங்கே நினைவுகூரலாம். குதிரைச் சிலைகளோடு நிற்கும் அந்த 1907-ஆம் ஆண்டுத் தூணைப் பார்த்துவிட்டு, 'இந்தியாவின் நடுப்புள்ளி இது' என்று உறவினர்களுக்குக் காட்டிவிட்டுப் போய்விடுகிறோம். அதன் பக்கத்தில் இருக்கும் சிறிய கல்லில் 'ஜி.டி.எஸ்.' என்ற மூன்று எழுத்துகள் இருக்கின்றன. மாபெரும் முக்கோண நில அளவை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. 1818-ல் அந்த அளவைக்கு வைக்கப்பட்ட பெயர். தலைமையும் அந்த ஆண்டே சென்னையிடமிருந்து கல்கத்தாவுக்கு மாறியது. தம் அலுவலகத்தை ஹைதராபாத்திலிருந்து நாக்பூருக்கு மாற்ற வந்துகொண்டிருந்தபோதுதான் லாம்டன் ஹிங்கன்காட்டில் இறந்தார். இன்னும் எழுபத்தைந்து கிலோமீட்டர் வந்திருந்தால் நம் ஊருக்கு வந்து சேர்ந்திருப்பார். அப்போது அவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. எனக்கும் இப்போது அந்த வயதுதான்.

எந்த எல்லை வரை?

அடுத்த கேள்வி, எது வரை போவது என்பது. லாம்டனுக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் இந்த வில்லை வடக்கே கொண்டுபோய், மசூரி அருகே பனோக் வரை 1841-ல் முடித்தார். மொத்தம் ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். முழுவதையும் பார்க்க வேண்டாமா என்று கேட்டார்கள். பார்க்கலாம்தான். ஆனால் என்னால் முடியாது. காரணத்தைச் சொன்னால்தான் விளங்கும்.

தமிழ்ச் சமணர்களாகிய எங்களுக்கு 'அருங்கலச்செப்பு' என்று ஒரு நூல் உண்டு. சமந்தபத்திரர் வடமொழியில் செய்த இரத்தின கரண்டக சிராவகாசாரத்தைத் தழுவித் தமிழில் வந்தது. இல்லறத்தார் ஒழுக்கங்களைச் சொல்வது. அதில் திசை விரதம் என்று ஒன்று. ஒருவன் தன் போக்குவரத்துக்குத் திசைதோறும் எல்லை வகுத்துக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் அதற்கு அப்பால் போகாமல் இருப்பது. ஆசைக்கு வரம்பு கட்டுவதே கருத்து. வியாபாரிகளுக்கு மிகவும் வேண்டியது. எல்லை எப்படி வகுப்பது என்றால் கடல், ஆறு, காடு, மலை என எல்லோருக்கும் தெரிந்த அடையாளங்களைக் கொண்டு வகுக்க வேண்டும் என்கிறார் சமந்தபத்திரர். யோசனைக் கணக்கிலும் வகுக்கலாம். யோசித்துப் பார்த்தால், இதுவும் ஒருவகை நில அளவைதான். நாட்டை வாங்குவதற்காக அளப்பவன் குன்றிலிருந்து அடுத்த குன்றுக்குக் கோடு போடுகிறான். தன்னை நிறுத்திக்கொள்வதற்காக அளப்பவனும் குன்றையும் ஆற்றையும்தான் தேடுகிறான்.

நாக்பூரில் கடை வைத்தபோது நானும் இந்த விரதத்தை ஏற்றேன். கிழக்கிலும் மேற்கிலும் தெற்கிலும் கடல், வடக்கே நர்மதை; தீர்த்த யாத்திரை மட்டும் நீங்கல். நர்மதைக்கு அப்பாலும் நல்ல வியாபாரம் இருந்தது. போகவில்லை. இப்போது நண்பர் ஒருவர், 'எவரெஸ்ட் இருந்த மசூரி வீடும் உமக்கு ஒரு தீர்த்தம்தானே, போய் வாருமேன்' என்று கேலி செய்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வேண்டியபோது தள்ளி வைத்துக்கொள்வதற்கு எல்லைக்கல் எதற்கு? லாம்டன் தம் கையால் அளந்த பகுதி முழுவதும் நர்மதைக்குத் தெற்கேயே இருக்கிறது. அது எனக்குப் போதும்.

எந்தக் காலத்தில்?

மூன்றாவது கேள்வியில்தான் நான் ஓராண்டு தடுமாறினேன்.

இந்த அளவைக்கு உயிர்நாடி கண்பார்வை. ஒரு குன்றில் நின்றால் இருபது, முப்பது மைலுக்கு அப்பால் உள்ள அடுத்த குன்று தெரிய வேண்டும். கோடையில் புழுதியும் கானலும் மறைத்துவிடும். மழை பெய்து ஓய்ந்த இடைவெளியில் காற்று கழுவி விட்டதுபோல் இருக்கும். நானே சோதித்துப் பார்த்தேன். மே மாதம் ராம்டெக் குன்றில் ஏறி வடக்கே பார்த்தால் சாத்பூரா மலை இருக்கும் திசையில் வெறும் வெள்ளைப் புகை. ஆகஸ்டில் மறுபடி ஏறினேன். மலையின் ஒவ்வொரு மடிப்பும் எண்ணும்படி தெரிந்தது. ஆகவே லாம்டனும் அவரிடம் வந்து சேர்ந்த எவரெஸ்டும் மழைக்காலத்தைத் தேர்ந்தெடுத்து வேலை செய்ததில் வியப்பில்லை. அவர்கள் கண்டதை அவர்கள் கண்டபடி காண வேண்டுமானால் நானும் ஆவணி, புரட்டாசியில் புறப்பட வேண்டும்.

ஆனால் அந்த நான்கு மாதங்கள் எங்களுக்குச் சாதுர்மாஸ்யம். ஆஷாடப் பௌர்ணமி முதல் கார்த்திகப் பௌர்ணமி வரை முனிவர்கள் ஓரிடத்திலேயே தங்குவார்கள். மழை பெய்ததும் மண்ணில் புழு பூச்சியும் புல்லும் முளைவிடும், நடந்தால் மிதிபடும். இல்லறத்தாருக்கு இது கட்டாயம் இல்லை. ஆனாலும் காலவரையறையோடு எல்லையைச் சுருக்கிக்கொள்ளும் தேசாவகாசிகம் என்னும் விரதத்தைச் சமந்தபத்திரர் நான்கு மாதக் கணக்கிலும் சொல்லியிருக்கிறார். நான் சில ஆண்டுகளாக அந்த நான்கு மாதமும் நாக்பூர் மாவட்ட எல்லையைத் தாண்டுவதில்லை. (ராம்டெக் மாவட்டத்துக்குள் இருப்பதால் ஆகஸ்டில் போக முடிந்தது.) இந்த ஓராண்டுக்கு மட்டும் விட்டுவிடலாமா என்று மனம் கேட்டது. சரித்திரத்துக்காகத்தானே என்று ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டது.

அந்தத் தடுமாற்றத்தில் 1819-ஆம் ஆண்டின் செய்திகளைத் திரும்பப் படித்தேன். எவரெஸ்டுக்கு அதுதான் முதல் பருவம். கிருஷ்ணாவுக்கும் கோதாவரிக்கும் இடையே உள்ள காட்டில் மழைக்காலத்தில் புகுந்தார். குன்றுகளின் உச்சியில் மரங்களை வெட்டிப் பார்வைக்கு வழி செய்தார்கள். நிஜாமின் காவல்வீரர்கள் மேற்கொண்டு வர மறுத்தபோது கசையடி கொடுத்தார். கடைசியில் காட்டுக் காய்ச்சல் வந்தது. அவரோடு இருந்த ஏறக்குறைய நூற்றைம்பது பேரும் படுத்தார்கள். ஹைதராபாத்திலிருந்து லாம்டன் யானைகளையும் பல்லக்குகளையும் அனுப்பி மீட்க வேண்டியிருந்தது. அதற்குள் பதினைந்து பேர் வரை இறந்துபோனார்கள். எவரெஸ்ட் உடல் தேறுவதற்காக நன்னம்பிக்கை முனைக்குக் கப்பல் ஏறினார். அவர் பெயரை உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கு 1865-ல் வைத்தார்கள். இறந்துபோன கலாசிகளுக்குக் கப்பலும் இல்லை, பெயரும் இல்லை. எண்ணிக்கை மட்டும் இருக்கிறது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். 1822-ல் திரும்பி வந்த எவரெஸ்ட் இரவு வேளையில் தொலைதூர விளக்கொளியைப் பார்த்துக் கோணம் எடுக்க முடியும் என்று கண்டார். இரவின் குளிர்ந்த காற்றில் ஒளி சற்று வளைந்து வருவதால், பகலில் மறைந்திருக்கும் புள்ளிகூட இரவில் மேலெழும்பித் தெரிந்தது. பகலில் கண்ணாடியால் சூரிய ஒளியைத் திருப்பிக் காட்டும் ஹீலியோட்ரோப் என்னும் கருவியும் பின்னால் வந்தது. ஆகவே மழைக்காலத்து வேலையைக் கைவிட்டு, மழை ஓய்ந்த பின் தொடங்கும் வறண்ட மாதங்களுக்கு வேலையை மாற்றிக்கொண்டார். மழைக்கு முன் களப்பணியை நிறுத்துவது, மழை மாதங்களில் ஓரிடத்தில் தங்கிக் கணக்குகளை முடிப்பது, மழை விட்டதும் மறுபடி புறப்படுவது என்பது பிற்காலத்தில் நில அளவைத் துறையின் வழக்கமாகவே ஆயிற்று.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மழைக்காலத்தில் நில், ஓரிடத்தில் இரு என்று எங்கள் முனிவர்கள் புழு பூச்சிகளின் உயிருக்காக வகுத்த ஒழுங்குக்கே, வேறு வழியில், பல கலாசிகளின் உயிரைக் கொடுத்த பிறகு, அந்தப் பெரிய அளவையும் வந்து சேர்ந்திருக்கிறது. காரணம் வேறுதான், அவர்கள் ஜீவகாருண்யத்துக்காக நிறுத்தவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சரித்திரத்தின் பெயரைச் சொல்லி விரதத்தை விட நினைத்தவனுக்கு அதே சரித்திரம் பதில் சொல்லிவிட்டது. சாதுர்மாஸ்யம் முடிந்த பிறகே புறப்படுவது என்று முடிவு செய்தேன்.

தலைகீழ்ப் பயணம்

இந்த முடிவு வழியையும் மாற்றிவிட்டது. கார்த்திகப் பௌர்ணமி நவம்பரில் வரும். அப்போது தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை. கன்னியாகுமரியில் தொடங்கினால் குன்றும் தெரியாது, கூரையும் ஒழுகும். ஆனால் விதர்ப்பத்திலும் தெலங்கானாவிலும் தென்மேற்கு மழை நின்று வானம் தெளிந்திருக்கும். ஆகவே லாம்டன் முடித்த இடத்தில் நான் தொடங்கி, அவர் தொடங்கிய இடத்தில் முடிக்கப் போகிறேன்.

திட்டம் இதுதான். நவம்பர்க் கடைசியில் ஹிங்கன்காட். அங்கிருந்து ஆதிலாபாத், ஹைதராபாத், பீதர். டிசம்பரில் குத்தி, அனந்தப்பூர், பெங்களூர். மார்கழிக் கடைசியில் கோயம்புத்தூர். தை பிறந்ததும் பாளையங்கோட்டை, கன்னியாகுமரி, புன்னை. அங்கிருந்து வடக்கே திரும்பித் தஞ்சாவூர், திருவந்திபுரம், கருங்குழி, கடைசியில் பரங்கிமலை. தை முடிவதற்குள் சென்னையில் மழை விட்டு வெகுநாள் ஆகியிருக்கும்.

தஞ்சாவூரை விடுவதற்கில்லை. சோழ நாட்டுச் சமவெளியில் குன்று ஏது? கோபுரங்களைத்தான் குன்றாகக் கொண்டார் லாம்டன். 1808-ல் பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்கு அரை டன் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றியபோது, கயிறு நழுவிக் கருவி சுவரில் மோதிற்று. கோணம் காட்டும் பெரிய வட்டம் நசுங்கியது. வேறொருவராக இருந்தால் லண்டனுக்கு எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள் அதை வைத்துக்கொண்டு ஆறு வாரம் சிறுகச் சிறுக நிமிர்த்திச் சரிசெய்தார். அதே கருவியை வைத்துக்கொண்டுதான் பிறகு பீதர் வரை போனார்.

அளவைத் துறையின் கருவி வேலையில் நம் பக்கத்து மனிதர் ஒருவரும் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின் ஹுசேன், சென்னையில் நகை வேலையும் கடிகார வேலையும் செய்துகொண்டிருந்தவர். பள்ளியில் கணிதம் கற்றவர் அல்லர். அவர் கைத்திறனைக் கண்டு எவரெஸ்ட் அவரைக் கடைசியில் துறையின் கருவி செய்யும் பதவிக்கே உயர்த்தினார். லாம்டனின் உதவியாளர்களில் பலரும் 1794-ல் மைக்கேல் டாப்பிங் தொடங்கிய சென்னை நில அளவைப் பள்ளியில் பயின்றவர்கள். அந்தப் பள்ளிதான் வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆயிற்று. நம் சங்கத்தில் அங்கே படித்த பொறியாளர்கள் பலர் இருக்கிறார்கள். உங்கள் கல்லூரியின் மூத்த மாணவர்கள்தான் அந்தக் குன்றுகளில் ஏறினார்கள் என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்றே எழுதுகிறேன்.

மூட்டையில் என்ன?

பெரிய மூட்டை இல்லை. பேரன் தன் கைப்பேசியில் இடம் காட்டும் செயலியைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். இன்று செயற்கைக்கோள் ஒரு நொடியில் சொல்லும் இடத்தை லாம்டன் பல இரவுகள் நட்சத்திரம் பார்த்துச் சொன்னார். இரண்டையும் ஒப்பிட்டு எழுதிக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகம். ஒரு தொலைநோக்கி. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று: ஒரு குன்றில் நான் நின்று சூரிய ஒளியைத் திருப்பிக் காட்டினால் அடுத்த குன்றில் நிற்கும் பேரனுக்குத் தெரிகிறதா என்று பார்க்க ஆசை. இரவு விளக்கு வைத்துப் பார்க்கும் எண்ணம் இல்லை. விளக்கில் பூச்சி விழும். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும் என்பதால் குன்று ஏறுவது காலையில்தான். தண்ணீர் வடிகட்ட ஒரு துணி, கொஞ்சம் அவல், பொரி, வெல்லம். முழங்காலுக்கு என் மனைவி கொடுத்த தைலம். 'அந்த வெள்ளைக்காரருக்கு ஹிங்கன்காட்டில் முடிந்தது, உங்களுக்கு அங்கே தொடங்குகிறது, பார்த்துப் போங்கள்' என்று அவள் சொன்னதையும் எடுத்துக்கொள்கிறேன்.

குன்றுகளில் நான் தேடப்போவது ஓர் அடையாளம். அளவை நிலையங்களில் பாறையில் ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் செதுக்குவது வழக்கம். தொண்டை நாட்டுக் குன்றுகளில் எங்கள் முன்னோர் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும் கற்படுக்கைகளும் உண்டு. கல்லுடைப்பவர்களின் வெடிக்கு இரண்டும் ஒன்றுதான். மெக்கன்சி என்ற இன்னோர் அளவையாளர், லாம்டனைப் போலவே ஸ்ரீரங்கப்பட்டணப் போரிலிருந்து வந்தவர், மைசூர் நாட்டை அளந்துகொண்டே போனபோது தர்மையா என்ற சமணப் பண்டிதரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கல்வெட்டுகளையும் ஊர்க்கதைகளையும் சேகரித்தார். அதனால் எத்தனையோ செய்திகள் இன்று சென்னைச் சுவடி நூலகத்தில் மிஞ்சியிருக்கின்றன. லாம்டனின் கணக்கில் குன்றுகளின் கோணங்கள் இருக்கின்றன. அவற்றைச் சுமந்து ஏறியவர்களின் பெயர்கள் இல்லை.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் குன்றில் வட்டமும் புள்ளியும் செதுக்கிய பாறையைப் பார்த்தால், அதைப் பெயர்க்க விடாதீர்கள். சங்கத்து அலுவலகத்தில் எனக்கு ஒரு சேதி சொல்லுங்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது நில அளவையில் கொடி பிடித்தார், சங்கிலி இழுத்தார், கருவி சுமந்தார் என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருந்தால் அந்தப் பெயரையும் எழுதி அனுப்புங்கள். ஹிங்கன்காட் கல்லறைக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்கும்போது லாம்டன் பெயரோடு அந்தப் பெயர்களையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத் தெற்கே புறப்படுவேன்.